இன்னா அவசரம் அக்காவின் முழுப்பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை நம் பங்குச்சந்தை வாட்ஸப் குழுவில் ஒரு கண்ணீர் அஞ்சலி அட்டை வந்து விழுந்தது. 'திருமதி ஞானப்பூ எஸ்தர் டேனியல், நசரத்பேட்டை, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டிருந்தது. படம் எப்போதோ எடுத்தது. இரட்டைச் சடையில் ஒரு இளம்பெண். குழுவில் நாம் அக்கா என்று கூப்பிடுபவரின் எண்ணிலிருந்து வந்ததால், அவருக்கு வேண்டியவர் யாரோ தவறிவிட்டார் என்று நினைத்தோம். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகளைப் போட்டோம். நானும் ஒன்றைப் போட்டுவிட்டு இட்லிக்குத் திரும்பினேன். கடைசியில் ஆவடி சேகர்தான் கேட்டார்: "அக்கா, இவங்க உங்களுக்கு இன்னா வேணும்?"

பதில் கொஞ்ச நேரம் கழித்து வந்தது. "நான் அவ ஊட்டுக்காரன் பா. இது உங்க அக்கா தான்."

இட்லி அப்படியே ஆறிப்போனது. எந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசினாலும் முழுப்பேரைச் சொல்லச் சொல்லி நம் உயிரை வாங்கியவர் அவர். அவருடைய முழுப்பேர் நம்மில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நமக்கு அவர் 'இன்னா அவசரம் அக்கா'. அவருடைய வலைப்பூவின் பெயரே அதுதான். பாரிவாக்கத்தில் வீட்டுக்கடன் போட்டு ஃபிளாட் வாங்கிய புதிதில், கடனைச் சீக்கிரம் அடைக்க ஆசைப்பட்டு நான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே, "ஒரு வருஷத்தில் இரண்டு மடங்காகும் பங்கு எது?" என்று கேட்டு வைத்தேன். குரல் பதிவாகப் பதில் வந்தது. "இன்னா அவசரம் நைனா? டிரெய்னு புடிக்கப் போறியா? மொதல்ல அந்தக் கம்பெனி இன்னா விக்குதுன்னு படி." பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. கணக்குப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. பேச்சு அப்படி, எழுத உட்கார்ந்தால் அச்சுக் கோத்த தமிழ். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நம்ப எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அவர் யாரையும் எதையும் வாங்கச் சொன்னதில்லை. ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்து, புரிந்ததை எழுதுவார், அவ்வளவுதான். நாம்தான் கேட்போமா? அக்கா எழுதிய மறுநாளே வாங்கிவிடுவோம்.

பைங்கிளி விவகாரம் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். விவசாயத்துக்கு மோட்டார் பம்ப் செய்யும் பைங்கிளி பம்ப்ஸ் என்ற கம்பெனியைப் பற்றி அக்கா எழுதினார். நாம் போனை எடுத்து 'பைங்கிளி' என்று தட்டினோம். முதலில் வந்தது பைங்கிளி பவர். பவரும் பம்ப்பும் ஒன்றுதானே என்று வாங்கும் பொத்தானை அமுக்கிவிட்டோம். உண்மையில் பவருக்கும் பம்ப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பவர் என்பது பெயருக்கு ஒரு கம்பெனி. ஆலையும் கிடையாது, வியாபாரமும் கிடையாது. யாரும் சீண்டாத பங்கை நாம் எல்லோரும் போய் வாங்கியதால் அது ஏறியது. ஏறுகிறதே என்று இன்னும் பலர் வந்தார்கள். ஒரு நாளில் ஒரு பங்கு ஏற அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பை அது தினமும் தொட்டு நின்றது. "அக்கா வாய்க்குச் சர்க்கரை போடணும்!" என்று குழுவே கொண்டாடியது. தப்பான பங்கை வாங்கி லாபம் பார்த்த கூத்து உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்குமா தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பகலில் ஒருவர் தன் லாபத்தைப் படம் பிடித்துப் போட்டார். அதில் கம்பெனியின் பெயர் முழுதாகத் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டார். ஆனாலும் சனிக்கிழமை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தை மூடியிருந்த அந்தக் காலையில் வலைப்பூவில் எழுதினார்:

"நீங்கள் வாங்கியிருப்பது நான் எழுதிய கம்பெனி அல்ல. முதல் வரியில் மட்டும் முழுப்பேர் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் 'பைங்கிளி' என்று சுருக்கிவிட்டேன். தவறு என்னுடையது. சந்தை நடக்கும்போது இதை எழுதினால் போன் கையில் உள்ளவர் தப்பிப்பார்; வேலையில் இருப்பவர் மாட்டுவார். அதனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்கிறேன்."

திங்கள் முதல் அந்தப் பங்கை வாங்க ஆளில்லை; விலை சரியச் சரிய, விற்க முடியாமல் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். அதன் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. வாயில் வந்தபடி ஏசினார்கள். "சும்மா இருந்திருந்தா எல்லாரும் வித்துட்டு வெளிய வந்திருப்போம்ல?" என்று கேட்டவரும் உண்டு. அந்தக் கேள்விக்கு மட்டும் அக்கா பதில் சொன்னார்: "வந்திருப்ப. உன்னாண்ட வாங்கினவன் உள்ள மாட்டியிருப்பான். அவனும் ஒரு ஊட்டு ஆளு தானே?"

பாதிப்பேர் குழுவை விட்டுப் போனார்கள். அக்கா போகவில்லை. அந்தப் பதிவை வலைப்பூவின் உச்சியில் குத்தி வைத்தார். யார் புதிதாக வந்தாலும் முதலில் அவருடைய தவறைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். 'முழுப்பேர்' என்ற சட்டமும் அன்றுதான் வந்தது. "பேரைப் பாதி சொல்றவன் கம்பெனிய பாதிகூட படிச்சிருக்க மாட்டான்" என்பார்.

அடக்க ஆராதனைக்குச் சிலர் போயிருந்தோம். சேகர் வந்தார், அன்று ஏசிவிட்டுப் போனவர்களிலும் இருவர் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அக்காவின் கணவர் டேனியல் அண்ணன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியே ஆயுளைக் கழித்தவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"பைங்கிளி பவரு நானும் வாங்கினேன், தெரியுமா பா? 'பைங்கிளி வாங்குறேன்'னு மொட்டையா அவளாண்ட சொல்லிட்டு தான் வாங்கினேன், அவளும் பம்ப்ஸுன்னு நெனச்சிகினா. கம்பெனில செட்டில்மென்ட் குடுத்த துட்டுல."

நான் நின்றுவிட்டேன். "வெள்ளிக்கிழமையே உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே, அண்ணே?"

"இன்னாத்த சொன்னா? பக்கத்துல தான் குந்திகினு இருந்தா. எனக்கு மீன் கொழம்பு ஊத்தினா. நானும் உங்கள மாதிரி சனிக்கெழம போன்ல பாத்து தான் தெரிஞ்சிகினேன். ரெண்டு நாளு பேசல. அப்பால கேட்டேன், 'புருசனாண்ட கூட சொல்ல மாட்டியாடி?'ன்னு. 'சொன்னா நீ விப்ப. வாங்குறவன் என் எழுத்த நம்பி வாங்குவான். அப்ப நான் யாரு?'ன்னா."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் துட்டு போனது போனது தான் பா. ஆனா அவள மாதிரி ஒருத்திய நான் பாத்ததே இல்ல."

நாம் இழந்ததைச் சொல்லிச் சொல்லி அவரைத் திட்டித் தீர்த்தோமே, அவர் ஒரு நாளாவது "என் வீட்டிலும் போச்சு" என்று வாய் திறந்தாரா? அந்த ஒரு வரி போதும், ஏசியவர் எல்லாம் அடங்கியிருப்பார்கள். அவர் அதையும் எழுதவில்லை. இவ்வளவு பெரிய மனுஷியோடு குக்கர் விசிலுக்கு நடுவே பேசிச் சிரித்திருக்கிறேன் என்பதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

உச்சியில் இருக்கும் அந்தப் பதிவை இனியாவது கீழே இறக்கலாமா என்று சேகர் கேட்டார். அண்ணன் வேண்டாம் என்றார். "அது அங்கியே இருக்கட்டும். அதான் அவ."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எதை வாங்கினாலும் பொத்தானை அமுக்குமுன் கம்பெனியின் முழுப்பேரை வாய்விட்டுப் படிக்கிறேன். "யாரைக் கூப்பிடுறீங்க?" என்று மனைவி கேலி செய்கிறாள்.

அன்று வீடு திரும்பிக் குழுவைத் திறந்தேன். அஞ்சலி அட்டைக்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் அப்படியே இருந்தன. என்னுடையதை அழித்துவிட்டு, 'திருமதி ஞானப்பூ எஸ்தர் டேனியல்' என்று தட்டினேன். அடுத்து சேகர் தட்டினார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் தட்டினார்கள். ஒருவரும் சுருக்கவில்லை.