கர்ப்பப்பை இறக்கமும் கணவன்மார் கருத்தும்

எந்த நோயும் இல்லாதவர்களுக்கு ஆபரேஷன் பற்றி எடுத்துச் சொல்லும் வேலை என்னுடையது.

மும்பை மாட்டுங்காவில், ரயில்வே லைனுக்குப் பக்கத்தில், பெண்களுக்கான ஒரு சின்ன கிளினிக். டாக்டர் மராத்திக்காரி. கைராசிக்காரி என்று பெயர். ஆனால் அவருடைய தமிழ் ‘வணக்கம்’, ‘இட்லி’ இரண்டோடு நின்றுவிட்டது. அதனால் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் நம் பெண்களுக்கு, பரிசோதனை முடிந்ததும், என்ன கோளாறு, என்னென்ன வழி இருக்கிறது என்று தமிழில் விளக்க என்னை வைத்திருக்கிறார். விளக்கலாம்தான். வருகிற யாருக்கும் ஒன்றுமே இல்லையே! ஒருத்தி தோழிக்காகக் கேட்க வந்திருப்பாள். இன்னொருத்தி மார்க்கெட்டுக்கு வந்தவள், அப்படியே எட்டிப் பார்த்திருப்பாள்.

இதைப் படிக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நிற்பது, தாதர் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது, எந்த ஸ்டேஷனில் எந்த முனையில் கழிப்பறை என்று மனப்பாடமாக ஒப்பிப்பது எல்லாம் நமக்கு ஒரு பொழுதுபோக்கு. இரண்டு பிள்ளை பெற்ற நானும் உங்கள் கட்சிதான். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியப்போவதில்லை.

இரண்டு பக்கமும் ஜெராக்ஸ்

ரஹ்மத் தாராவியிலிருந்து கணவர் சுலைமான் பாயோடு வந்திருந்தார். பாய் தோல் பை தைக்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கீழே ஒர்க்‌ஷாப், மேலே வீடு. “என்ன கஷ்டம் சொல்லுங்க” என்று ரஹ்மத்தைப் பார்த்துக் கேட்டேன். பாய் பதில் சொன்னார். “இவளுக்கு ஒண்ணுமில்ல மேடம். ஒளு எடுக்கதே பொழப்பா இருக்கா. காலையில புடிச்சு வச்ச டிரம் தண்ணி பூரா இவ ஒருத்திக்கே பத்த மாட்டேங்கு.” தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தம் செய்வதைத்தான் அவர்கள் ஒளு என்பார்கள். எந்த வயதிலிருந்து இப்படி என்று கேட்டேன். அதற்கும் பாய்தான் பதில் சொன்னார். வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். அதற்கும் அவர்தான். ரஹ்மத் தரையில் பதித்திருந்த டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரிச் சமயங்களில் நான் கையாளும் ஒரு வித்தை உண்டு. “பாய், ஆதார் கார்டு ஜெராக்ஸ் வேணுமே. ரெண்டு பக்கமும்” என்றேன். ஜெராக்ஸ் கடை அடுத்த தெருவில் இருக்கிறது. எப்போதும் கூட்டம். பாய் படி இறங்கியதும் ரஹ்மத் நிமிர்ந்தார். கடைக்குட்டி பிறந்ததிலிருந்தே அடியில் கனமாக ஏதோ இறங்கி வந்து நிற்கிறதாம். அந்தக் கடைக்குட்டி இப்போது காலேஜில் படிக்கிறாள். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துக் குனியும்போது, ஒரு தும்மலோ இருமலோ வந்தால் சிறுநீர் கசிந்துவிடும். கசிந்தால் ஒளு முறிந்துவிடும். எழுந்து போய்க் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மேடம், ஒரு தொழுகையாவது முழுசாத் தொழணும்” என்றார். நோயாளிக்கு உங்கள் மார்க்கத்தில் சலுகை இல்லையா, பெரியவர்கள் யாரையாவது கேட்கக்கூடாதா என்றேன்.

“சலுகை இருக்கும் மேடம், கேட்டா பள்ளிவாசல் ஆலிம்சா சொல்லுவாக. ஆனா என்னன்னு போயி கேக்கச் சொல்லுதிய?”

கிளையை மூடுவது பற்றி

இந்த வேலைக்கு வந்த பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். எந்தக் கணவரும் ‘கர்ப்பப்பை’ என்று வாயால் சொல்லமாட்டார். தன் தொழிலில் இருந்து ஒரு வார்த்தையை இரவல் வாங்கிக்கொள்வார். முலுண்டில் வீட்டுத் தரகு பார்க்கும் ஒருவர், “ரிப்பேரா, ரீடெவலப்மென்ட்டா மேடம்? பழைய பில்டிங்காச்சே” என்று கேட்டார். அந்தப் பழைய பில்டிங் அவருக்குப் பக்கத்தில்தான் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது.

மாட்டுங்காவிலேயே ஒரு மாமா. பேங்கில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். மாமிக்குக் கர்ப்பப்பை இறக்கம். வழிகளை விளக்க நான் மேஜையில் இருக்கும் பிளாஸ்டிக் இடுப்பெலும்பு மாடலை எடுத்து வைத்தேன். மாமா பதறிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் காலண்டரைத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு குரலைத் தணித்து, “வயசாயிடுத்து, இனிமே பிஸினஸ் ஒண்ணும் கிடையாது. ப்ராஞ்ச்சையே மூடிடறது பெட்டர் இல்லையோ?” என்றார். எடுப்பது ஒரு வழி, எடுக்காமல் தூக்கிக் கட்டுவது ஒரு வழி, ஆபரேஷனே வேண்டாமென்றால் உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்குவது ஒரு வழி, எது வேண்டுமென்று மாமி சொல்லட்டும் என்றேன். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாதே என்ற பயத்தில் காலைப் பின்னிக்கொண்டார்.

“ரெண்டு பேரைப் பெத்து, அந்த ப்ராஞ்ச்ல வேலை பார்த்ததெல்லாம் நான். இவர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர். இவர் எப்படிம்மா மூடறது?”

சட்னி ஜார்

மாமி வளையத்தைத் தேர்ந்தெடுத்தார். மெத்தென்ற சிலிகான் வளையம். சிலர் டாக்டரிடம் வந்து மாற்றிக்கொள்வார்கள். மாமி கெட்டிக்காரி. டாக்டர் ஒருமுறை சொல்லிக்கொடுத்ததும் தானே எடுத்துக் கழுவி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். ஒருநாள் சாயங்காலம் மாமியிடமிருந்து போன். வளையத்தைக் கழுவி பால்கனியில் ஒரு தட்டில் காயவைத்தாராம், காணவில்லையாம். காக்காய் தூக்கிப்போயிருக்குமா என்று கேட்டார். பாதுகாப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் இடம் வேறு என்பது அரைமணி நேரத்தில் தெரிந்தது.

மாமா உதவும் மனப்பான்மை உள்ளவர். மிக்ஸியின் சட்னி ஜார் கொஞ்ச நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. பால்கனித் தட்டில் வளையத்தைப் பார்த்தவர், மூடியிலிருந்து மாமி கழற்றி வைத்த வாஷர் என்று முடிவு செய்து, ஜாரையும் வளையத்தையும் பையில் போட்டுக்கொண்டு மிக்ஸி ரிப்பேர் கடைக்குப் போய்விட்டார். வழியில் தெரிந்தவர் ஒருவரிடமும் எடுத்துக் காட்டி, இதே சைஸ் எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறார். கடைக்காரர் ஜார் மூடியில் பொருத்திப் பார்த்திருக்கிறார். சேரவில்லை. இழுத்துப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் சொன்னதை மாமா அப்படியே பெருமையாக வந்து மாமியிடம் ஒப்பித்தாராம். மாமி போனில் அதைச் சொல்லிவிட்டு, புது வளையத்துக்கு ஆர்டர் கொடுத்தார்.

“சார், இது எந்த கம்பெனி? இவ்ளோ உசத்தி மால் நம்ம லைன்லயே கிடையாது.”

மான்குர்ட் முதல் வாஷி வரை

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. லேசான கசிவுக்கு இடுப்புத் தசைப் பயிற்சியே போதும். சிறுநீரை அடக்குவதுபோல் தசையைச் சில நொடி இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்க வேண்டும், அவ்வளவுதான். செம்பூரில் இருந்து வாஷி ஆபீஸுக்குப் போகும் ஒரு பெண்ணிடம், டிரெயினில் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். எது செய்தாலும் அதில் முதல் மார்க் வாங்கவேண்டும் என்று வளர்க்கப்பட்ட பெண். சில நொடி என்பது அவளுக்குக் கௌரவக் குறைவாகப் பட்டிருக்கிறது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பிடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள். செம்பூரில் இறுக்கி கோவண்டியில் விட்டாள். கோவண்டியில் இறுக்கி மான்குர்ட்டில் விட்டாள். மான்குர்ட்டுக்கு அடுத்து வாஷி. நடுவில் கடல் கழியும் அதன்மேல் நீண்ட பாலமும் இருப்பது தினமும் போகிறவளுக்கு ஞாபகம் வரவில்லை.

பாலத்தின் நடுவில் முகம் சிவந்து, மூச்சடைத்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து லேடீஸ் கம்பார்ட்மென்டே பதறிவிட்டது. மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மராத்தி அம்மாள் பிரசவ வலி என்றே தீர்மானித்து, எழுந்து இடம் கொடுத்து, காற்று வரட்டும் என்று சுற்றி நின்றவர்களை விலக்கி, பிள்ளை இங்கேயே பிறந்துவிடும் என்று இந்தியில் கூவினாளாம்.

“அரே, ஹவா ஆனே தோ! பச்சா இதர் ஹீ ஹோ ஜாயேகா!”

தண்ணீர் தூக்க வசதியாக

ரஹ்மத்தின் பரிசோதனை முடிவுகள் வந்தன. இறக்கம் அதிகம், பயிற்சி மட்டும் போதாது. டாக்டர் வழிகளைச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். வளையம் வைக்கலாம். கர்ப்பப்பையை எடுக்காமலே மேலே தூக்கிக் கட்டலாம். எடுத்துவிட்டும் தளர்ந்த சதையைத் தைத்து இறுக்கலாம். கசிவுக்குத் தனியாக, சிறுநீர்க் குழாய்க்குக் கீழே ஒரு மெல்லிய நாடா வைக்கலாம். ஒவ்வொன்றிலும் நல்லதும் உண்டு, தொந்தரவும் உண்டு, திரும்ப இறங்கும் வாய்ப்பும் உண்டு. நான் பேசி முடிப்பதற்குள் சுலைமான் பாய் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “எடுத்துருங்க மேடம். பையில கைப்பிடி பிஞ்சு தொங்குனா ஒட்டுத் தையல் போட்டா நிக்காது. கழட்டி எறிஞ்சிரணும். தொழில் தெரிஞ்சவன் சொல்லுதேன்.” பக்கத்தில் ரஹ்மத் மறுபடி டைல்ஸை எண்ணத் தொடங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, “சரி பாய். எந்த ஆபரேஷன் ஆனாலும் அதுக்கப்புறம் பல வாரத்துக்கு இவங்க குடம், பக்கெட் எதையும் தூக்கக்கூடாது. அப்புறமும் கனமான சாமான் தூக்காம இருக்கிறதுதான் நல்லது. தூக்கினா மறுபடி இறங்கலாம்” என்றேன். பாய் முகம் மாறியது. விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்தில் அத்தனையும் பிடித்து, இரும்பு ஏணி வழியாக மேலே ஏற்றுவது ரஹ்மத். ஒர்க்‌ஷாப் ஆட்களின் டீக்கும் குடிக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணீர்தான். இதுவரை கைப்பிடி பிய்ந்த பையாக இருந்த மனைவி திடீரென்று மோட்டார் பம்பு ஆகிவிட்டாள். தாடியைத் தடவினார். பிறகு டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

“தண்ணி தூக்குததுக்குத் தோதா ஒரு ஆபரேஷன் இல்லையா மேடம்?”

ஒத்திகை

அதற்குப் பிறகு அவர்கள் வரவேயில்லை. இப்படி எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள், திரும்ப வரமாட்டார்கள். ரஹ்மத்தின் நினைப்பு மட்டும் என்னை விடவில்லை. தொழுகை விரிப்பிலிருந்து பாதியில் எழுந்து போகும் ஒரு பெண் எனக்கு வீட்டில் சமைக்கும்போதுகூடக் கண்ணில் வந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் ரஹ்மத் தனியாக வந்து நின்றார். ஜெராக்ஸுக்கு அனுப்ப ஆளே இல்லை! அன்று முதல்முறையாக அவர் கேட்க, நான் பதில் சொன்னேன். எடுத்துவிட்டால் தானாகச் சரியாகிவிடுமா என்று கேட்டார். இல்லை, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தாங்கிப் பிடிக்கும் சதையைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்றேன். எடுக்காமல் தூக்கிக் கட்டினால் தன் உடம்புக்கு ஆகுமா என்று கேட்டார். டாக்டர் பார்த்துவிட்டு ஆகும் என்றார். அப்படியென்றால் தூக்கிக் கட்டி, நாடாவும் வைத்துவிடுங்கள் என்றார் ரஹ்மத். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று நான் மெல்ல இழுத்தேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அன்று விடிகாலையில் குடங்களையெல்லாம் நிரப்பி, குழாயடியிலேயே வரிசையாக வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஏணி ஏறி வந்துவிட்டாராம். டீ இல்லாமல் ஆட்கள் மேலே அண்ணாந்து பார்த்ததும், பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறார். டாக்டர் தேதி சொன்னார். ரஹ்மத் தலையை ஆட்டி மறுத்தார்.

“இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போடுங்க. மொதல்ல அவுக தூக்கிப் பழகட்டும், பொறவு என்னைய வெட்டலாம்.”

தும்மல்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காயம் ஆறும் வரை நாற்காலியில் உட்கார்ந்து தொழச் சொல்லியிருந்தார் டாக்டர். சில மாதம் கழித்துப் பரிசோதனைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ரஹ்மத் விறுவிறுவென்று படியேறினார். பாய் பின்னால், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக வந்தார். ரஹ்மத் டாக்டர் அறைக்குள் போனதும் என்னிடம் குனிந்து, “மேடம், தண்ணி தூக்குனதுலேருந்து இடுப்பெல்லாம் விட்டுப்போச்சு. ஆம்பளைக்கும் அடி இறங்குமா?” என்று ரகசியமாகக் கேட்டார். இறங்காது, வெறும் இடுப்பு வலிதான் என்றேன். இத்தனை வருடம் அந்த ஏணியில் யார் ஏறினார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவரே, “அவ ஒருவாட்டிகூடச் சொன்னதில்லையே மேடம்” என்றார்.

டாக்டர் அறையிலிருந்து வந்த ரஹ்மத்திடம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். பாய் வழக்கம்போல் பதில் சொல்ல வாயெடுத்தார். ரஹ்மத் அவரைத் திரும்பிப் பார்த்தார், பாய் நிறுத்திக்கொண்டார். ரஹ்மத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

“நேத்து சாயங்காலம் அஸர் தொழுகையில, நெத்தி தரையில இருக்கும்போது தும்மிட்டேன் மேடம். ஒண்ணும் ஆகல. எந்திரிக்க மனசில்லாம அப்படியே கெடந்தேன்.”

ஆக, பெண்களின் இந்தக் கோளாறுக்கு எங்கள் டாக்டரிடம் நான்கைந்து விதமான வைத்தியம் இருக்கிறது, அதில் எதைத் தொடங்குவதென்றாலும் முதலில் கணவரை ஜெராக்ஸ் எடுக்க அனுப்ப வேண்டியிருக்கிறது.