மண்டிப் பாணரின் நாலு மந்திரம்

எங்க வீட்டுக்காரர் பேரு பிச்சமுத்து. காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டியில ஏலம் கூவுறவரு. அவரு கூவ ஆரம்பிச்சா பூவன் தார் என்ன விலைக்குப் போகுதுன்னு தெருமுனையில நிக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிடும். வீட்டுலயும் அதே தொண்டைதான். குழம்புல உப்பு கம்மின்னா உறையூர் முழுக்கக் கேட்கும். "கொஞ்சம் மெதுவாப் பேசுனா வாய் தேஞ்சா போயிடும்?"னு தினம் சண்டை போட்டவ நான். இந்த மயிலம்மாளுக்கு நல்லா வேணும்.

போன வருஷம் ஆடி மாசம் மண்டியிலயே சாஞ்சுட்டாரு. பக்கவாதம். புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம், உயிரைக் காப்பாத்திக் குடுத்துட்டாங்க. கையும் காலும் மெல்ல மெல்ல வந்துச்சு. பேச்சு மட்டும் வரலை. நாம சொல்றது அத்தனையும் அவருக்குப் புரியும். தண்ணி வேணும்னு மனசுல இருக்கும், வாயில வராது. ஆனா ஒரு வேடிக்கை. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" மட்டும் கடகடன்னு வரும். கெட்ட வார்த்தை வரும், அதுல ஒண்ணும் பிசகாது. தாலாட்டு பாடச் சொன்னா பாடுவாரு. பேச்சுப் பயிற்சி குடுக்கிற பவித்ராங்கிற பொண்ணு எனக்கு விளக்கிச் சொல்லுச்சு. "பழகிப்போனது தானா வரும்மா. யோசிச்சு எடுக்கவேண்டிய வார்த்தைதான் வராது. வரும், நாளாகும். நீங்க எடுத்துக் குடுக்காம இருங்க, அது போதும்."

என்னால முடியுமா சொல்லுங்க. மனுஷன் வாயைத் திறந்துக்கிட்டுத் திணறுறதைப் பாத்துட்டு எப்படிக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறது? அவரு உதட்டை அசைக்கும்போதே நான் சொல்லி முடிச்சிடுவேன். "தண்ணியா? ஃபேன் போடணுமா? பேப்பரா?" அவரு தலையை ஆட்டுவாரு. அப்புறம் தலையாட்டுறதும் குறைஞ்சுபோச்சு. சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்க ஆரம்பிச்சாரு. பயிற்சிக்குக் கூப்பிட்டா வேண்டாம்னு கையை ஆட்டிட்டாரு. இனிமே இந்த வீட்டுல சத்தமே கிடையாதுன்னு நான் மனசைத் தேத்திக்கிட்டேன். தேத்திக்கிட்டேன்னு சொல்றேனே தவிர, எங்க தேறுச்சு.

அப்பத்தான் பவித்ரா வீட்டுக்கே வந்துச்சு. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்க ஒரு விளையாட்டு விளையாடுவோம்மா. ஐயாவைக் கூட்டிட்டு வாங்க."

டவுன் பஸ் ஏறிப் போனோம். புத்தூர்ல ரஞ்சித்துன்னு ஒரு தம்பி செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கு. அந்தக் கடைக்கு மேல ஒரு ரூம். அங்க பிரவீன்ராஜ்னு இன்னொரு தம்பியும் இருந்துச்சு, அரியமங்கலத்துல வெல்டிங் வேலை, ஆளு கதவு நிறைய நிக்கும். நான் கேரம்போர்டா இருக்கும்னு நினைச்சேன். பாத்தா போர்டும் இல்லை காயும் இல்லை. ரஞ்சித் ஒரு கதை சொல்லுது. காடு, இடிஞ்ச கோட்டை, அதுக்குள்ள ராட்சசன். மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளாளுக்கு ஒரு வேஷம். பிரவீன்ராஜ் வாள்வீரன். பவித்ரா பூட்டு உடைக்கிற திருடி. என்ன செய்யப்போறோம்னு அவங்கவங்க சொல்லணும், அது பலிக்குதா இல்லையான்னு இருபது பக்கம் இருக்கிற தாயக்கட்டையை உருட்டிப் பாக்கணும். கல்யாணம் கட்ட வேண்டிய வயசுல இதுங்க உக்காந்து ராட்சசனைக் கொல்லுதுங்களேன்னு எனக்கு ஒரே எரிச்சல்.

"ஐயா பாணர்"னு ரஞ்சித் சொல்லுச்சு. "பாட்டாலயும் பேச்சாலயும் மந்திரம் போடுறவரு."

எனக்கு வந்துச்சே கோவம். "பேச்சு வராத மனுஷனுக்கு வாயால பொழைக்கிற வேஷமா? கொழுப்பா தம்பி?"

அந்தத் தம்பி கோவிச்சுக்கலை. பொறுமையா விதியைச் சொல்லுச்சு. தடிப் புத்தகத்துல மந்திரம் எக்கச்சக்கமா இருக்கு, ஆனா பாணர் இப்போதைக்கு நாலுதான் வச்சுக்கலாம். மந்திரத்தை அவரு வாயாலதான் சொல்லணும், யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. கதையில ஒரு கட்டம் தாண்டி லெவல் ஏறும்போது மட்டும் ஒண்ணை விட்டுட்டு வேற ஒண்ணை மாத்திக்கலாம். நடுவுல மாத்த முடியாது. யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லும்போது பவித்ரா என்னைப் பாத்துச்சு.

பவித்ரா புத்தகத்துலேருந்து ஒவ்வொரு மந்திரமா படிக்க, இவரு தலையாட்டிக்கிட்டே வந்தாரு. நெருப்பு வேண்டாம், மாயத்தோற்றம் வேண்டாம். எதிரியைத் தூங்க வைக்கிற மந்திரம்னதும் நிமிந்து உக்காந்து "ஆராரோ"ன்னு இழுத்தாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. திட்டியே காயப்படுத்துற மந்திரம் ஒண்ணு இருந்துச்சு, அதைக் கேட்டதும் சிரிச்சுட்டாரு. எதிரி விழுந்து விழுந்து சிரிக்கிற மந்திரம், அதுக்கு இவரும் சிரிச்சாப் போதும். நாலாவது, விழுந்து கிடக்கிற ஆளை எழுப்பி விடுற மந்திரம். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." மூணாவது தரத்துல ஆளு எழுந்திரிச்சிடும். எது பலமானதுன்னு அவரு பாக்கலை. தன் நாக்குக்கு எது வரும்னு பாத்துப் பாத்துப் பொறுக்கினாரு, மண்டியில தார் பொறுக்குற மாதிரி.

பிரவீன்ராஜ் வாரா வாரம் முன்னாடி ஓடி வெட்டுப்பட்டு விழும். இவரு மேசையைத் தட்டி மூணு தரம் கூவி எழுப்புவாரு. ராட்சசனை இவரு திட்டுன திட்டைக் கேட்டு நான் மாடிப்படியில போய் நின்னுக்கிட்டேன், வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. ஆனா அந்தத் தொண்டை. மறுபடியும் அதே தொண்டை. சனிக்கிழமையே சட்டையை எடுத்து இஸ்திரிக்குக் குடுக்க என் கையில திணிப்பாரு. சுவரைப் பாக்குறதை விட்டுட்டாரு. பெத்த பிள்ளை இருந்தாக்கூட இப்படிப் பண்ணியிருக்குமான்னு எனக்குத் தெரியலை.

மாசி மாசம் லெவல் ஏறுச்சு. பவித்ரா புது மந்திரங்களைப் படிச்சுது. "ஆணை"ன்னு ஒண்ணு வந்ததும் இவரு அதுல விரலை வச்சுட்டாரு. எதிரியைப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். எந்த வார்த்தைன்னு பாணர்தான் அந்த நேரத்துல யோசிக்கணும். சொன்னபடி எதிரி கேட்பான்.

"சரிங்கய்யா, எதை விடுறீங்க?"ன்னு ரஞ்சித் கேட்டுச்சு. சிரிப்பு மந்திரத்தைத்தான் விடுவாருன்னு எல்லாரும் நினைச்சோம், அதை எடுத்ததே அபூர்வம். இவரு எழுப்பி விடுற மந்திரத்தைக் காட்டினாரு.

"மாமா, நான் செத்துப்போவேன்"னு பிரவீன்ராஜ் பதறிடுச்சு.

எனக்குத் தாங்கலை. "ஏங்க, உங்களுக்கு நல்லா வர்றதே அதுதான். அதைப் போய்த் தூக்கிப்போட்டுட்டு வாயில வராத ஒண்ணை எடுப்பாங்களா? புத்தி இருக்கா?"

இவரு என்னைப் பாத்து "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்"னாரு. சொல்லிட்டு ஈ ஓட்டுற மாதிரி கையை வீசினாரு. நெஞ்சைத் தொட்டு, இல்லைன்னு தலையாட்டினாரு. பவித்ராவுக்குத்தான் புரிஞ்சுது. "அது தானா வருது. நீங்க பேசுறது இல்லை. அப்படித்தானே ஐயா?"

இவரு ஆமான்னு தலையை ஆட்டினாரு. கண்ணு கலங்கிப்போச்சு.

இத்தனை மாசமா அதைக் கேட்டுத்தான் நான் பூரிச்சுப்போயிருந்தேன். அது தன் பேச்சு இல்லைன்னு அவருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. சொந்தமா ஒரு வார்த்தை வேணும் அவருக்கு. ஒண்ணே ஒண்ணு.

அந்த வாரம் நான் பட்ட பாடு. இவரு கண்ணாடி முன்னாடி நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுறாரு, ஒண்ணும் வரலை. ஞாயித்துக்கிழமையும் வரலைன்னா மறுபடியும் சுவரைப் பாத்து உக்காந்துடுவாரு, அப்புறம் எந்தக் கொம்பனாலயும் திருப்ப முடியாது. பவித்ராவுக்குப் போன் போட்டு, "ராட்சசனைக் கொஞ்ச நாள் தள்ளி வரச் சொல்லும்மா"ன்னு கெஞ்சினேன். "ரஞ்சித் கேட்க மாட்டான்மா. விட்டுக் குடுத்தா ஐயாவுக்குத் தெரிஞ்சிடும்"னு சொல்லிடுச்சு.

ஞாயித்துக்கிழமை ராட்சசன் வந்துட்டான். வழக்கம்போல பிரவீன்ராஜ் முன்னாடி ஓடி விழுந்துடுச்சு. எழுப்பி விட மந்திரம் கிடையாது. தூங்க வைக்கிற மந்திரத்தை ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் போடலாம், அன்னைக்கு அதுவும் தீந்துபோச்சு. ராட்சசன் காலைத் தூக்கிட்டான், மிதிச்சா வீரன் செத்தான். ரஞ்சித் இவரு பக்கம் திரும்பிச்சு. "பாணரே, உங்க முறை."

இவரு எழுந்து நின்னாரு. வாயைத் திறந்தாரு. கழுத்து நரம்பு புடைக்குது, வார்த்தை வரலை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்குது. ரஞ்சித் அசையலை, பவித்ரா அசையலை. பிரவீன்ராஜ் கண்ணை மூடிக்கிச்சு. நான் இவரு நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா? "நில்லுன்னு சொல்லுங்க, நில்லு, நில்லு..."

இவரு சடார்னு திரும்பினாரு.

"நீ சும்மா இருடி."

அதை யாரும் எடுத்துக் குடுக்கலை. ஏலமும் இல்லை, பாட்டும் இல்லை. என்னைப் பாத்து, எனக்குன்னு யோசிச்சு, அவரே சொன்னது. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வார்த்தைக்கு எத்தனை தடவை அவரோட மல்லுக்கு நின்னிருப்பேன். அன்னைக்கு அங்கேயே அவரு கால்ல விழுந்திருப்பேன், இந்தப் பிள்ளைங்க முன்னாடி எப்படின்னு பாத்தேன்.

ரஞ்சித் மட்டும் விடலை. "அது அம்மாவுக்கு. ராட்சசனுக்கு என்ன?"

இவரு மேசைப் பக்கம் திரும்பினாரு. அவசரப்படலை. நாங்களும் அவசரப்படலை. நான் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டேன்.

"உக்காரு"ன்னாரு.

ரஞ்சித் தாயக்கட்டையை உருட்டிப் பாத்துட்டு, "உக்காந்துட்டான்"னுச்சு. பிரவீன்ராஜ் நிஜமாவே உயிர் பொழைச்ச மாதிரி இவரைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. பவித்ரா அழுதுக்கிட்டே ராட்சசனைக் குத்திக் கொன்னுச்சு. அந்த மூணு பிள்ளைங்களும் நல்லா இருக்கணும். பாவம் பாத்து ஒரு வார்த்தையை அவருக்குக் கடனா குடுக்காம, ராட்சசனையே கூட்டிக்கிட்டு வந்து நிறுத்தி, அவரே எடுக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாங்களே. கோயில்ல நிக்கும்போது இப்ப நான் முதல்ல சொல்றது அவங்க பேரைத்தான்.

கொஞ்ச நேரம் கழிச்சு பிரவீன்ராஜ் கீழ கடைக்குக் கிளம்புச்சு. "அம்மா, மாமாவுக்கு டீதானே?"

எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன். இவரு பக்கம் கையைக் காட்டினேன். எல்லாரும் அப்படியே நின்னோம். கீழ ஒரு பஸ் வந்து நின்னு, ஆள் ஏத்திட்டுப் போயிடுச்சு. இவரு உதட்டை ஈரப்படுத்திக்கிட்டாரு.

"காபி."

நான் கல்யாணம் ஆகி வந்த மறுநாள்லேருந்து இவருக்கு டீதான் போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். திருச்சிக்கே கேட்கிற மாதிரி கூவின மனுஷன், இதை என்கிட்ட சொன்னதே இல்லை.