கயிற்றை இழுத்தவள்

இது நடந்தது எண்பதுகளின் நடுப்பகுதியில். பாரிஸில் லாச்சப்பலுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் அப்போது குடியிருந்தோம். நானும் என் மனுசனும் மட்டுமல்ல, அவரோடு வேலை செய்த நான்கு பேரும் அதே வீட்டில்தான். கணவர் என்று எழுதினால் எனக்கே யாரோ வேற்றாள் மாதிரி இருக்கும். அதனால் மனுசன் என்றே சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் உரும்பிராய்ப் பக்கம், அவர் தீவுப்பகுதி. படம் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். இங்கே வந்து இறங்கிய பிறகுதான் ஆளை நேரில் கண்டேன். எங்கள் கட்டிலுக்கும் மற்றவர்களின் மெத்தைகளுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருக்குக் கோப்பை கழுவும் வேலை. வரும்போது நான் நித்திரையாகிவிடுவேன். காலையில் எழும்பி "தேத்தண்ணி" என்பார், நான் "இந்தாங்கோ" என்பேன். அந்த மாதங்களில் எங்கள் காதல் வசனம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. சரி, அன்றைக்காவது மனுசனோடு நாலு வார்த்தை பேசலாம் என்றால், விடிந்ததும் விடியாததுமாக அந்த வீட்டிலேயே மூத்தவரான அண்ணையோடு சேர்ந்து வெளிக்கிட்டுவிடுவார். கேட்டால் ஓவர்டைம் என்பார். நானும் முதலில் நம்பினேன். ஆனால் கிழமை நாட்களில் வெங்காயமும் சவர்க்காரமும் மணக்கிற மனுசன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெற்றோல் மணந்தால் எந்தப் பெண்சாதி சும்மா இருப்பாள்? வேறு தொடுப்பு ஏதும் இருக்குமோ என்றுகூட யோசித்தேன். பெற்றோல் மணக்கிற பொம்பிளை எப்படிப்பட்டவளாய் இருப்பாள் என்றுதான் பிடிபடவில்லை.

ஒரு கோடைகால ஞாயிறு. அவர்கள் எழும்ப முன்பே எழும்பிச் சோறு, கறி சமைத்து, அலுமினியத் தாளில் பார்சல் கட்டி, நல்லதாக ஒரு நைலெக்ஸ் சேலை உடுத்து, வாசலில் போய் நின்றுகொண்டேன். அண்ணை என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். என் மனுசன் அங்கே உமக்கு என்ன வேலை என்றார். ஓவர்டைம் செய்கிற இடத்தை நானும் பார்க்கத்தானே வேணும் என்றேன். ஐந்து மாடிப் படியும் இறங்கி முடிவதற்குள் மனுசன் உண்மையைக் கக்கிவிட்டார்.

சங்கதி இதுதான். அவருடைய பத்ரோனுக்கு, அதாவது கடை முதலாளிக்கு, பந்தயப் படகுப் பைத்தியம். சொந்தமாக ஒரு சின்னப் படகு வைத்திருந்தார். நேர்கோட்டில் இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கொடி விழுந்ததும் சீறிக்கொண்டு போக வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பாரம் குறைந்தால் வேகம் கூடும். பத்ரோனோ நல்ல தடித்த ஆள், அவர் ஏறினாலே படகு பாதி தாழ்ந்துவிடும். என் மனுசன் தீவில் மாமாவின் மோட்டார் வள்ளம் ஓட்டித் திரிந்தவர். நெத்தலி மாதிரி உடம்பு. பத்ரோன் விடுவாரா? ஓட்டுகிற வேலையை இவர் தலையில் கட்டிவிட்டார், நான் பயந்து தடுப்பேன் என்று இவர் அதை ஓவர்டைம் ஆக்கிவிட்டார்.

வடக்கு ரயில் நிலையத்தில் ரயில் ஏறிப் போனோம். வழி முழுக்க நான் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன், அவர் என்னைப் பார்த்தபடி இருந்தார். முன்பு மணல் அள்ளிய பள்ளம் ஒன்று நீண்ட குளமாகிக் கிடந்தது. கரையெல்லாம் கார், வான், குடை, குழந்தை குட்டி. சேலையோடு நான் நடந்து போக, எல்லாரும் படகை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள்.

முதல் சோடி ஓடியபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். அப்படியொரு சத்தம் நான் கேட்டதில்லை, நெஞ்சுக்குள் புகுந்து குலுக்கியது. படகின் அடி தண்ணீரில் பட்டும் படாமலும் பறந்தது. பின்னால் வெள்ளையாய்த் தண்ணீர் மதிலளவுக்கு எழும்பியது. கோபமாய் வந்தவள்தான், ஆனால் பார்த்துக்கொண்டிருக்க எனக்கும் சந்தோசமாய்த்தான் இருந்தது. அதை அவருக்குக் காட்டவில்லை.

அடுத்த சோடியில்தான் அந்த விபத்து. இந்தப் பக்கம் வந்த படகின் முன்பக்கம் மெல்ல எழும்பியது. பிறகு யாரோ கீழேயிருந்து தூக்கியது மாதிரி முழுப் படகும் நிமிர்ந்து, பின்பக்கமாய்ச் சுழன்று தலைகீழாய் விழுந்தது. கரை முழுவதும் மூச்சை அடக்கியது. காவல் படகு போய் அதில் இருந்த இரண்டு பேரையும் தூக்கியது. ஒருவர் கையை ஆட்டிக் காட்டினார். மற்றவரைப் படுக்க வைத்துத்தான் கொண்டு போனார்கள், கால் முறிந்துவிட்டதாம். ஏறுபவர்களின் உடுப்பைச் சரிபார்க்கிற ஒரு பிரெஞ்சுப் பெண் பக்கத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளங்கையைப் படகு மாதிரிப் பிடித்து, விரல் நுனியை உயர்த்தி, கீழே காற்றை ஊதிக் காட்டினாள். முன்பக்கம் எழும்பிக் காற்று உள்ளே போனால் அவ்வளவுதான். பாஷை இல்லாமலே எனக்கு விளங்கியது.

இனி இவரை ஏறவிடக்கூடாது என்று முடிவெடுத்துத் திரும்பினால், அங்கே அண்ணை பாசி பிடித்த சரிவில் வழுக்கி விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். கணுக்கால் வீங்கிவிட்டது. அந்தப் பிரிவில் படகில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் சுற்றிவரப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆபத்து என்று கண்டால் அந்த ஆள் முன்னால் இருக்கிற சிவப்புக் கயிற்றை இழுக்க வேண்டும், எஞ்சின் நின்றுவிடும். ஒவ்வொரு ஞாயிறும் அந்த இரண்டாவது ஆள் அண்ணைதான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. ஊர்க் கோயில் அம்மாளாச்சி என் பக்கம் என்று நினைத்தேன்.

மனுசன் கேட்டால்தானே. பத்ரோனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், வேறு யாரையாவது ஏற்றிக்கொண்டு ஓடத்தான் போகிறேன் என்று நின்றார். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. அவரை மடக்குவதற்காக ஒரே போடாய்ப் போட்டேன்.

"அப்ப நானே ஏறுறன். சாகிறதெண்டால் ரெண்டு பேரும் சேர்ந்து சாவம்."

இதைக் கேட்டால் மனுசன் பயந்து பின்வாங்குவார் என்பது என் கணக்கு. நான் பின்வாங்குவேன் என்பது அவருடைய கணக்கு. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏறும்" என்றார்.

பிறகு யார் இறங்கி வருவது? அண்ணையின் நீல நிற வேலையுடுப்பை வாங்கி ஒரு வானுக்குள் போய் மாற்றினேன். வாழ்க்கையில் முதன்முதலாகக் காற்சட்டை. கொண்டையோடு தலைக்கவசம் இறங்கவில்லை, அவிழ்த்துப் பின்னி உள்ளே விட்டேன். அந்தப் பிரெஞ்சுப் பெண் என் கழுத்தைப் பார்த்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னாள். அது தாலிக்கொடி. கழற்ற மாட்டேன் என்று நான் தலையாட்ட, கழற்றத்தான் வேண்டும் என்று அவள் தலையாட்ட, கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டே நின்றோம். கடைசியில் அவளே ஒட்டுத்தாள் சுருளை எடுத்துவந்து, கொடியை என் நெஞ்சோடு சேர்த்து ஒட்டி, மிதவைச் சட்டையை இழுத்துப் பூட்டிவிட்டாள். பெல்ட் எங்கே என்று கேட்டேன். கிடையாதாம். கவிழ்ந்தால் தெறித்து விழுவதுதான் நல்லதாம். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை யாரும் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

ஏறி உட்கார்ந்தபோது சைக்கிள் கரியரில் இருப்பதுபோலக் காலை ஒரு பக்கமாய்ப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கரையில் ஒரே சிரிப்பு. மனுசனும் சிரித்தார். நயினாதீவுக்குப் போகிற வள்ளத்தில்கூட வழி முழுக்கச் சத்தி எடுத்தவள் நான் என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். பாரிஸ் வந்த பிறகு, பக்கத்தில் வேறு யாருமில்லாமல் அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அது.

மூன்று ஓட்டம், இரண்டில் வென்றவருக்கு வெற்றி. கொடி விழுந்தது. என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர், வாயில் காற்று. வயிறு எங்கேயோ பின்னால் கரையில் நின்றுவிட்டது. அம்மாளாச்சி என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. எதிர்ப் படகு பின்னால் போக, இன்னும் விடுங்கோ, இன்னும் விடுங்கோ என்று நான் கத்தியதாக மனுசன் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்வார். வென்றுவிட்டோம். பத்ரோன் கரையில் துள்ளினார். மண்ணே அதிர்ந்திருக்கும்.

இரண்டாவது ஓட்டத்துக்குள் காற்று எழும்பிவிட்டது. குளத்தில் சின்னச் சின்ன அலை. இந்த முறை எதிர்ப் படகு எங்களை விட்டு விலகவே இல்லை. அவர் விசையை முழுக்க அமத்தினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அது எனக்குத் தெரியாத முகம், பல்லைக் கடித்தபடி எதிர்ப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி முன்னால் பார்க்கிறேன், தண்ணீர் தெரியவில்லை. படகின் முன்பக்கமும் வானமும்தான் தெரிகின்றன. கையை எடுங்கோ என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் என்ன கேட்கும்? இழுத்தேன் கயிற்றை.

படகு முகங்குப்புற விழுந்ததுபோல் இறங்கி, நாலு குதி குதித்து நின்றது. இரண்டு பேரும் தொப்பலாய் நனைந்துவிட்டோம். எதிர்ப் படகு ஒரு சேதமும் இல்லாமல் கோட்டைத் தாண்டிப் போய், கை காட்டிக்கொண்டு திரும்பியது. அதுதான் எனக்குப் பெரிய அடி. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், நான் சும்மா பயந்து கெடுத்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்? மனுசன் என் பக்கம் திரும்பாமலே எஞ்சினை மறுபடி கிளப்பிக் கரைக்குத் திருப்பினார். இத்தனை பேருக்கு முன்னால் அவரைத் தோற்க வைத்துவிட்டேன். இனி இந்த மனுசனோடு எப்படி ஒரு காலம் தள்ளுவது?

கரைக்கு வந்ததும் பத்ரோன் கத்தத் தொடங்கினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் ஏச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவையா? பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். பத்ரோன் தன் மருமகனைக் காட்டி, அடுத்த ஓட்டத்துக்கு அவனை ஏறச் சொன்னார். நான் தலைக்கவசத்தைக் கழற்றக் கையை உயர்த்தினேன். மனுசன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அதனால் கால் வீங்கி உட்கார்ந்திருந்த அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, பத்ரோனிட்டைச் சொல்லுங்கோ. படகு எழும்பினது எனக்கும் தெரிஞ்சது. வெல்லவேணும் எண்ட விசரிலை நான்தான் கையை எடுக்கேல்லை. இவ செய்தது சரி. அடுத்ததுக்கும் இவதான் ஏறுவா. இல்லாட்டி நானும் ஏறமாட்டன்."

அண்ணை ஒரு சொல் விடாமல் சொன்னார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, முகம் முழுக்க ஏற்கெனவே குளத்துத் தண்ணீர். எங்கள் ஊர்களில் நாலு பேருக்கு முன்னால் பெண்சாதியின் பக்கம் நின்று, பிழை என்னுடையது என்று சொன்ன ஆம்பிளையை நான் அதுவரை கண்டதில்லை. இந்த ஆளைத்தான் கட்டியிருக்கிறேன் என்று அந்த நிமிசம்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது ஓட்டத்தில் காற்று இன்னும் கூடியிருந்தது. நான் கயிற்றில் கையை வைத்தபடி இருந்தேன். பாதி தூரத்தில் இரண்டு படகும் சமம். மறுபடியும் முன்பக்கம் மெல்ல எழும்பத் தொடங்கியது. நான் இழுக்கவில்லை, அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். விசையிலிருந்த கை தானாகத் தளர்ந்தது. படகு பணிந்து தண்ணீரில் உட்கார்ந்தது. எதிர்ப் படகு முந்திக்கொண்டு போனது. நாங்கள் பின்னாலே சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

பத்ரோன் இந்த முறை கத்தவில்லை. கரையிலிருந்து பார்த்தவருக்கு அது எழும்பியது தெரிந்திருக்கிறது, முகம் வெளுத்துப்போய் நின்றார். நேரே வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தார். நான் கல்லாய்ச் சமைந்து நின்றேன். இங்கே அது வழக்கம்தான், ஆனால் உரும்பிராயில் யாராவது கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீங்கள் கவிழ்ந்திருந்தால் நாளைக்கு என் கோப்பைகளை யார் கழுவியிருப்பார்கள் என்று அவர் கேட்டதாக அண்ணை சொன்னார். பிறகு எல்லாருமாய்ப் புல்லில் இருந்து என் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். மீன் குழம்பில் ஒரு வாய் வைத்த பத்ரோன், உறைப்பில் படகு கவிழ்ந்தவரைவிட மோசமாய்த் தவித்தார். அந்தப் பிரெஞ்சுப் பெண் மட்டும் மூக்கைச் சிந்திச் சிந்தி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள்தான் ஓடினோம். சில நாள் வென்றோம், பல நாள் தோற்றோம். அதற்குப் பிறகு பிள்ளைகள் பிறந்து, பாரிஸுக்கு வெளியே கூசேன்வில் பக்கம் வீடு மாறி, படகைக் கண்டே எவ்வளவோ காலமாகிவிட்டது. எங்கள் வீட்டில் சண்டை இல்லாத நாள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எந்த வேகத்தில் போனாலும், நான் போதும் என்று ஒரு பார்வை பார்த்தால் இந்த மனுசன் கையை எடுத்துவிடுவார் என்பதில் அன்றிலிருந்து எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.