பக்கெட்டும் பத்து நிமிட நடையும்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தேன். வாசல் கதவிலிருந்து சாமி அலமாரி வரை, மறுபடி வாசல் கதவு வரை. கையில் போன். அதில் பத்து நிமிட அலாரம்.

இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி, ஒரு ஸ்டென்ட், ஐந்து நாள் ஆஸ்பத்திரி... பழைய வாசகர்களுக்குத் தெரியும், அந்த வாரங்களில் இந்தப் பத்தி வரவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது பிசியோதெரபிஸ்ட் பெண் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

"பேசிக்கிட்டே நடங்க ஆன்ட்டி. தடையில்லாம பேச்சு வந்தா சரி. மூச்சு வாங்கினா, நெஞ்சு கனத்தா உடனே நிறுத்திடணும். வெயிட் மட்டும் இப்ப தூக்கவே தூக்காதீங்க."

அதனால் பேசிக்கொண்டே நடந்தேன். சாமி படங்களிடம்தான். வேறு யார் கேட்கிறார்கள்?

அப்போது உப்பளம் பகுதியிலிருந்து என் நாத்தனார் வந்தாள், ஒரு கிலோ ஆப்பிளோடு. என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"ஐயோ அண்ணி! நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிக்கினு இன்னா நடை இது? மொதல்ல உக்காருங்க!"

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கினார். "நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்றா."

கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நான்காவது நிமிடத்திலேயே என் பயிற்சி முடிந்தது.

அந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷின் கூவியது.

"துணி முடிஞ்சிடுச்சு பாரு. வெயில் இருக்கும்போதே மாடியில போட்டுட்டு வந்துடேன்" என்றார் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். "இது போதுமே அண்ணி! வீட்டு வேலையே எக்ஸர்சைஸ்தானே?"

வந்ததே எனக்குக் கோபம்! கையை வீசி நடந்தால் ஆபத்து. ஈரத்துணி பக்கெட்டோடு இருபத்திரண்டு படி ஏறினால் ஆரோக்கியமா? வீட்டு வேலையே எக்ஸர்சைஸ் என்றால், இவர் ஏன் தினமும் ஷூ மாட்டி, ஸ்கூட்டர் ஏறி, பீச் ரோட்டுக்கு வாக்கிங் போகிறார்? வீட்டிலேயே பாத்திரம் தேய்க்க வேண்டியதுதானே!

சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட்டேன். போன வாரம் இதே பக்கெட்டோடு பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட வாயைத் திறந்தேன் — குரல் வரவில்லை. கீழே டிவி ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே போய்விடுவேன் என்று பயந்தேன். மூச்சு திரும்பியதும் என்ன செய்தேன் தெரியுமா? மீதிப் படியையும் ஏறி, துணியைக் காயப்போட்டுவிட்டு வந்தேன்! டாக்டருக்குப் போன் செய்து திட்டு வாங்கியதும் நான் மட்டும்தான்.

நாத்தனார் ஆப்பிள் பையைப் பார்த்தாள். கணவர் பேப்பரை மடித்து வைத்தார். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

நான் அலாரத்தை மறுபடி வைத்து மெதுவாக நடக்க ஆரம்பித்தேன். இந்த முறை நாத்தனாரிடம் பேசிக்கொண்டே நடந்தேன்.

அலாரம் அடிக்கும்போது மனிதர் காலி பக்கெட்டோடு இறங்கி வந்தார். சட்டை நனைந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எக்ஸர்சைஸ் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

'இரு' என்று கையைக் காட்டினார்... பேச்சு வரவில்லை.