உரம் என்று சொல்லி அனுப்பினார்கள்

திண்டிவனம் ரோட்டில் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். தங்கச்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

"இன்னாண்ணா, ஆஸ்பத்திரில பேப்பர் வாங்கியாரேன்னு போயி சண்ட போட்டுட்டு வர?"

"தரமாட்டாங்களாம்."

நான் கேட்டது பிரசவம் எப்படி நடந்தது என்று எழுதிய குறிப்பு. குழந்தைக்கு ஐம்பது நாள். பிறந்ததிலிருந்து வலது கையைத் தூக்கவில்லை. தோள்பட்டை நரம்பு இழுபட்டிருக்கிறது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னார். தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் முழங்கை மடங்காவிட்டால் ஆபரேஷனுக்குச் சென்னை அனுப்ப வேண்டும். அதற்கு அந்தக் குறிப்போடு வரச் சொன்னார்.

மாப்பிள்ளை கேரளாவில் சென்ட்ரிங் வேலை. அதனால் பிரசவத்தன்று வராந்தாவில் நின்றது நான்தான். எட்டாவதோடு ஊர் சுற்றக் கிளம்பியவன். எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. அன்று டாக்டர் வரவேயில்லை. தலை வந்து தோள் சிக்கிக்கொண்டதாம். ஒரு நர்ஸ் வயிற்றை அமுக்க, பெரிய நர்ஸ் தலையைப் பிடித்து இழுத்தாளாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது, கை ஏன் தொங்குகிறது என்று கேட்டேன். பெரிய நர்ஸ் துணியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"உரம் விழுந்திருக்கும். எடுக்கிறவங்ககிட்ட காட்டுங்க."

கைக்குழந்தைக்கு எங்காவது பிசகினால் உரம் விழுந்தது என்போம். குழந்தையைச் சேலையில் போட்டு, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உருட்டி எடுப்பார்கள். படித்தவளே சொல்கிறாளே என்று அவலூர்பேட்டைக்கு மூன்று வாரம் பஸ் ஏறினோம். சேலையின் ஒரு முனையைப் பிடித்தவன் நான். நரம்பு இழுபட்ட கையைத்தான் உருட்டியிருக்கிறேன்.

கடைசியில் உரம் எடுக்கிற அம்மாவே சேலையைச் சுருட்டி வைத்துவிட்டார். "தோ பாரு, உரம்னா புள்ள கத்தும், பால் குடிக்காது. இது நல்லா குடிக்குது, தூங்குது. கை மட்டும் துணி மாதிரி கெடக்குது. என்கிட்ட ஏன்யா கொண்டாற? இழுத்தவள போய் கேளு."

பாண்டிச்சேரி டாக்டரைப் பார்த்த பிறகு, அந்தக் குறிப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். டாக்டர் வரட்டும் என்றார்கள். அடுத்த முறை பீரோ சாவி இல்லை. அதற்கடுத்து கம்ப்யூட்டர் ஓடவில்லை. இன்று நான்காவது முறை.

"கண்டவங்ககிட்ட குடுத்து உருட்டுனீங்கல்ல? கை அதுல போயிருக்கும்" என்றாள் பெரிய நர்ஸ்.

"நீங்க சொல்லித்தானே சிஸ்டர் போனோம்?"

"எழுதிக் குடுத்தேனா? எங்க, காட்டு."

மேஜையை ஓங்கி அடித்தேன். வாட்ச்மேன் என்னை வெளியே தள்ளினான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கச்சி, "நாளைக்கு நானே போய் கேக்கறேன். நீ எங்கனா பஸ் ஏறு. கோவம் வந்தா உனக்கு அது ஒண்ணுதான தெரியும்" என்றாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கிளாஸ் கழுவ வேண்டும். தினம் இரண்டு வேளை ஆஸ்பத்திரி ஆபீசுக்கு டீ கொண்டுபோக வேண்டும். பதினோரு மணிக்கு கிளாஸ் தட்டோடு படியேறினேன். வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், தனக்கொரு கிளாஸ் எடுத்துக்கொண்டு வழிவிட்டான். பெரிய நர்ஸ் மேஜையில் டீயை வைத்தேன்.

"சிஸ்டர், அந்தக் குறிப்பு" என்றேன்.

அவள் டீயைத் தொடவில்லை. நாலு மணிக்கு மறுபடியும் கொண்டுபோனேன்.