அம்மா கிண்டிய களி

அம்மாவின் கை முறிந்ததில் எங்கள் வீட்டில் லாபம் அடைந்தது நான் ஒருத்திதான். பாப்பாரப்பட்டிச் சந்தையிலிருந்து திரும்பும்போது, வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடையில் அப்பா வண்டியை வேகமாக ஏற்றிவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். இண்டூரில் இருந்த சொந்தபந்தம் அத்தனையும் பார்க்க வந்தது. ஆரஞ்சும் பிஸ்கட்டும் குவிந்தன. மூன்றாம் வகுப்புப் படித்த நான் அவற்றை ஒழுங்காகக் கவனித்துக்கொண்டேன்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அம்மாவை யாரும் ஒரு வேலை செய்ய விடவில்லை. தம்ளரைத் தூக்கினாலே அப்பா ஓடிவந்து வாங்கிக்கொள்வார். வண்டி ஓட்டியவர் அவரல்லவா. களி கிண்டும் பொறுப்பு பக்கத்து வீட்டுச் சித்திக்குப் போனது. சித்தியின் களியில் மாவு கட்டி கட்டியாக நிற்கும். அம்மாவின் கையோ சும்மாவே கிடந்து விறைத்துப்போய், விரல்கள் மடங்க மறுத்தன.

பிளஸ் டூ முடித்திருந்த அக்காதான் அம்மாவைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பிசியோதெரபி பிரிவில் இருந்தவர், கையை எப்படிப் பழக்க வேண்டும் என்று செய்துகாட்டினார். அம்மாவைவிட அக்கா அதைக் கூர்ந்து பார்த்தாள். வீடு திரும்பியதும், தான் படிக்கப்போவது அதுதான் என்று அறிவித்துவிட்டாள்.

அப்பா சிரித்தார். "கை கால் நீவி வுடறதுக்கு எதுக்கு காலேஜு? டீச்சருக்குப் படி."

"நீவறது இல்லீங்கப்பா. எந்தத் தசைய எப்பிடி அசைச்சா மறுபடியும் பலம் வரும்னு படிக்கறது."

"மொதல்ல உங்கம்மா கை சரியாவட்டும், பாக்கலாம்."

அப்பா பேச்சை முடிப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார். அக்கா அதை ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டாள்.

அப்பா வயலுக்குப் போனதும் பயிற்சி தொடங்கும். ஈரத்துண்டைப் பிழிய வேண்டும். சொம்பைப் பிடித்து உள்ளங்கையை மேலும் கீழும் திருப்ப வேண்டும். அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். பாவம் பார்த்து நான் துண்டைப் பிழிந்து கொடுத்தால் அக்கா என்னை விரட்டுவாள். அவளைப் போல ஒரு கல்நெஞ்சக்காரி உலகத்திலேயே இல்லை என்று முடிவு செய்தேன். "இன்னைக்குப் போதும்மா" என்று அவளே சொன்னாலும், "இன்னொரு வாட்டி" என்பாள் அம்மா. மகளிடம் அவ்வளவு பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கியது. அக்காவின் மனதை மாற்ற அப்பா, கம்பைநல்லூரிலிருந்து பெரியப்பாவை வரவழைத்தார். அண்ணனும் தம்பியும் அக்காவை நடுவில் உட்காரவைத்துப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் அம்மா, சித்தியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கொதிக்கும் பானையை இறக்கித் துணி சுற்றிப் பாதங்களால் அணைத்துக்கொண்டு, கோலை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டத் தொடங்கினாள். களி இறுக இறுக அவள் முகம் சிவந்தது. நான் வாயைத் திறக்கப்போனேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவரைக்காய்க் குழம்போடு தட்டுகள் போயின. பெரியப்பா ஒரு வாய் விழுங்கிவிட்டு, "பக்கத்து வூட்டுக்காரி தேறிட்டாளே. ஒரு கட்டிகூட இல்ல" என்றார்.

அப்பாவும் ஒரு வாய் விழுங்கினார். கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்ட களி அவருக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தார். அம்மா அடுத்த உருண்டையை வலது கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். அக்கா அந்தக் கையையே பார்த்தாள். அப்பாவின் கண்கள் கலங்கின. குழம்பு காரம் என்று சொல்லிக்கொண்டார்.

"நீங்க சாப்புடுங்கண்ணா" என்றார் பெரியப்பாவிடம். பிறகு அக்காவிடம், "அந்த அப்ளிகேசன எடுத்துக்கிட்டு வா."

அக்கா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இன்று அவளிடம் முழங்கால் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரியப்பாவும் ஒருவர். அவள் சொல்லைத் தட்ட அவருக்குத் தைரியம் கிடையாது.

களி கிண்டிய அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் அம்மா தனியாக உட்கார்ந்து, வெந்நீரில் கையை வைத்திருந்தாள். மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"உங்கக்கா காலேஜுக்குப் போறாடி" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

கையைப் பற்றிக் கேட்டால் அக்காவைப் பற்றிச் சொல்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.