கரைமேல் அம்மா ஓட்டிய சைக்கிள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயம். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில், காவிரியிலிருந்து பிரியும் ஒரு சின்ன ஆற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். அந்த ஆற்றங்கரையில்தான் இது நடந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அம்மா சின்ன வயசிலிருந்து நடவு வேலைக்குப் போனவள். சேற்றில் நின்று நின்று முட்டி வீங்கிப்போன பிறகு, பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. அரசாங்க வேலை, நிழலில் நிற்கிற வேலை. அம்மா முகத்தில் அப்படியொரு தெளிச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆனால் அங்கே போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. பஸ்ஸில் போனால் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பஸ்ஸும் நேரத்துக்கு வராது. நடந்தால் முட்டி விடாது. தினமும் அம்மா தாமதமாகவே போனாள். சத்துணவு அமைப்பாளர் நல்லவர்தான். அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன்க்கா. அதுக்கு மேல நான் ஆபீஸுக்கு எழுதித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஆற்றங்கரை ஞாபகம் வந்தது. கரையை உயர்த்தி, கப்பிக் கல்லும் செம்மண்ணும் கொட்டி உருட்டிவிட்டு, மணல் வண்டி போகக் கூடாது என்று இரண்டு தலைப்பிலும் சிமெண்ட் கட்டை நட்டிருந்தார்கள். காரோ லாரியோ நுழைய முடியாது. ஆடு, மாடு, நடந்து போகிறவர்கள், சைக்கிள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கும்பகோணத்திலிருந்து ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் சைக்கிள் ஓட்ட அங்கே வரும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், நேரே போனால் அம்மாவின் பள்ளிக்கூடம். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் எனக்குக் கொடுத்த சைக்கிள் வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்தது. டியூப் மாற்றி, எண்ணெய் விட்டு எடுத்து வந்தேன்.

"இந்த வயசுல எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றாள் அம்மா. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டாள்.

கேரியரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அம்மாவுக்கு ஒரே ஒரு பிரச்சினை. ரோட்டைப் பார்க்க மாட்டாள், முன்சக்கரத்தையே பார்ப்பாள். நாற்று ஊன்றுகிற இடத்தைக் குனிந்து பார்த்தே பழகிய கண். "நிமிர்ந்து பாரும்மா, நிமிர்ந்து பாரு" என்று நான் கத்தக் கத்த, "நாத்து நட்டுக்கிட்டு ஆயுசு பூரா பின்னாடியே போனவளைத் திடீர்னு முன்னாடி போங்கறே, நிமிரவும் சொல்றே. ஒவ்வொண்ணா சொல்லுடி" என்றாள்.

கீழே வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்னக்கா, அடுத்த நடவுக்குச் சைக்கிள்லயே வந்துடுவியா?"

"விழுந்தா ஒங்க மேலதான் விழுவேன். தள்ளி நில்லுங்கடி."

ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், கேரியரை விட்டுவிட்டேன் என்று சொல்லாமலே விட்டேன். அம்மா பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தினேன். அன்று ராத்திரி, எங்கம்மா சைக்கிள் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு துணைக்குப் பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். முதல் நாளே என் கண்ணில் ஒன்று பட்டது. எதிரே, மிராசுதார் குடும்பத்துப் பெரியவர் காலை நடைக்கு வந்துகொண்டிருந்தார். சர்க்கரை வியாதிக்காகத் தினமும் நடப்பவர். அவர் தூரத்தில் வரும்போதே அம்மா சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தலையசைத்துக்கொண்டே கடந்து போனார். மறுநாளும் அப்படியே.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவின் அப்பா அவர்கள் பண்ணையில் வேலை பார்த்தவர். அவர்கள் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும், ஏறிப் போகக் கூடாது என்று இருந்த காலம். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் அதே தெரு வழியாக மணியடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். என் சைக்கிளிலிருந்தா அம்மா இறங்கி நிற்கிறாள்?

"ஏம்மா எறங்குறே?" என்று கேட்டேன். "சும்மா வாடி, நேரமாவுது" என்று சொல்லிவிட்டாள். அது எனக்கு இன்னும் வலித்தது.

மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. அம்மா இறங்கி நின்றதும், நேரே பெரியவரிடம் போய் நின்றேன்.

"அய்யா, எங்கம்மா இனிமே யாருக்காகவும் சைக்கிளை விட்டு எறங்க மாட்டாங்க. அந்தக் காலமெல்லாம் போயிடுச்சு."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "நான் எப்பம்மா எறங்கச் சொன்னேன்?"

"நீங்க சொல்ல வேண்டியதில்ல. ஏறும்மா. நீ போம்மா" என்று அம்மா பக்கம் திரும்பினேன்.

"வேணாம்டி."

"ஏறுங்கறேன்ல."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஏறினாள், மிதித்தாள். எதிரே அவர், பக்கத்தில் நான், நடுவில் குறுகலான வழி. அம்மா பிரேக்கைப் பிடித்தாள். அவ்வளவுதான். ஹேண்டில் மடங்கி, சைக்கிளும் அம்மாவும் சாப்பாட்டு டப்பாவும் சரிவில் உருண்டு, வயலோரத்துக் கோரைக்குள் போய் விழுந்தார்கள்.

நான் அலறிக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்னால் பெரியவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினோம். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அம்மா சேற்றோடு உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பிரேக் புடிச்சா விழுந்துடுறேன்டி. அதான் முன்னாடியே எறங்கிக்கறேன். நீ ஊரெல்லாம் போயி எங்கம்மா கத்துக்கிட்டாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டே. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

பழகிய நாளெல்லாம் கேரியரைப் பிடித்து நிறுத்தியது நான். பிரேக் பிடிக்க நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப எனக்காக எறங்கலையா நீ? நான் எனக்குக் குடுக்கற மரியாதைன்னுல்ல நெனச்சுக்கிட்டுப் போனேன்."

"ஒங்களுக்கு மட்டுமா அய்யா? ஆட்டுக்கும்தான் எறங்குறேன்" என்றாள் அம்மா.

முதலில் சிரித்தது வயலில் நின்ற பெண்கள்தான். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதான். அந்த மூன்று நாளும் அம்மா ஆட்டுக்கு இறங்கினாள், தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்ணுக்கு இறங்கினாள். நான்தான் அவருக்கு இறங்கியதை மட்டும் பார்த்தேன்.

அம்மாவை என் கேரியரில் உட்கார வைத்து மிதித்தேன். வழியில், "அவர்கிட்ட போயி அப்படிப் பேசிட்டேனேம்மா" என்றேன். அம்மா முதுகுப் பக்கமிருந்து சொன்னாள்: "ஒங்க தாத்தா எறங்கினது வேற. அது எனக்குத் தெரியாதா? என்னைக்காச்சும் ஒருத்தர் கேக்க வேண்டியதுதான். நீ கேட்ட நேரம்தான் சரியில்ல."

பள்ளிக்கூடத்தில் அமைப்பாளர், அம்மாவின் சேற்றுப் புடவையை மேலும் கீழும் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். நேரத்துக்குத்தான் வந்திருந்தோம். "மொதல்ல கையைக் கழுவுங்கக்கா. உலை கொதிக்குது" என்றார்.

அன்று சாயங்காலம் பிரேக் மட்டும் பழகினோம். பின் பிரேக்கை முதலில், மெதுவாக, காலை ஊன்றும் வரைக்கும். மாசக் கடைசி வந்தது, போனது. வேலை நிலைத்தது.

இப்போதும் காலையில் பெரியவர் அந்தக் கரையில் நடக்கிறார். அம்மாவின் சைக்கிளைப் பார்த்ததும் அவரே சரிவில் நாலு எட்டு இறங்கி ஒதுங்கி நின்று, "வா, வா, நான் ஒதுங்கிட்டேன்" என்று குரல் கொடுக்கிறார். "நல்லா பிரேக் புடிக்குறேன் அய்யா, பயப்படாம நடங்க" என்கிறாள் அம்மா. "எனக்கு எதுக்கும்மா வம்பு" என்கிறார் அவர். அது பயமா மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா மட்டும் தேவையே இல்லாமல் மணியடித்துக்கொண்டு போகிறாள், நிமிர்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

தாத்தாவை இறங்க வைத்த காலத்தை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் யாராவது தயங்கி நிற்பதைப் பார்த்தால், அதற்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டு கோபப்படும் முன், அவர்கள் பக்கத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாக நிற்க, அந்தக் கப்பிப் பாதைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.